ஒஷீன், உஷீன், ஓசியான்: இந்த ஐரிஷ் பெயரைத் தமிழில் எப்படி எழுதுவது?

கடைசிப்பக்கம்:

அனைவருக்கும் வணக்கம். அயர்லாந்தின் பழங்கதைகள் பதினொன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். பத்து முடிந்துவிட்டது. பதினோராவதில் கதைநாயகனின் பெயரிலேயே வண்டி நின்றுவிட்டது. ரோமன் எழுத்தில் ஓ, ஐ, எஸ், ஐ, என். இவ்வளவுதான். இரண்டாவது ஐ-க்கு மேல் புள்ளிக்குப் பதிலாக ஒரு சாய்கோடு.

முதல் படியில் ‘ஆய்சின்’ என்று எழுதினேன். எனக்கே அது ஏதோ இருமல் மருந்தின் பெயர்போல் பட்டது. பதிப்பாசிரியரோ, “ஓசியான் என்று பழைய இலக்கிய வரலாறுகளில் படித்திருக்கிறேன், அதையே போட்டுவிடுங்கள்” என்கிறார். கைப்பேசியை ஒலிக்கச் சொல்லிக் கேட்டால் ஒரு குரல் ‘உஷீன்’ என்கிறது, இன்னொரு குரல் ‘ஓஷீன்’ என்கிறது.

பெயருக்கு ‘மான்குட்டி’ என்று பொருளாம். கதையில் இவன் தாய் மானாக மாற்றப்பட்டவள். பொருள் தெரியாமல் வாசகர் கடந்துபோனால் கதையில் பாதி போய்விடும். ஆனால் அடிக்குறிப்பு போட எனக்கு மனமில்லை. சாப்பிடுகிறவன் தோளைத் தட்டிப் பேசுவதுபோல் இருக்கும். பெயரின் ஒலி, வரலாறு, பொருள் மூன்றையும் அறிந்தவர்கள் கைகொடுங்கள்.

காலவே மழை:

நான் பதினான்கு ஆண்டுகளாக அயர்லாந்தின் காலவே நகரில் இருக்கிறேன். ஒலியைப் பற்றி மட்டும் சொல்கிறேன், மற்றதைப் படித்தவர்கள் சொல்லட்டும்.

வந்த புதிதில் ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பு மேசையில் வேலை பார்த்தேன். பட்டியலைப் பார்த்து நானும் உங்களைப் போலவே “ஆய்சின்” என்று கூப்பிட்டேன். யாரும் எழவில்லை. இன்னொரு முறை, இன்னும் உரக்கக் கூப்பிட்டேன். எதிர் நாற்காலியில் கன்னம் வீங்கிய ஒரு சிறுவன், தன்னைத்தான் சொல்கிறேனோ என்ற ஐயத்தோடு அம்மாவின் முகத்தைப் பார்த்தான். அந்த அம்மாள் சிரித்தபடி எழுந்து வந்து, என் பட்டியலில் முதல் ஐ-யின் மேல் விரலை வைத்து, “இது பேசாது, பக்கத்து எழுத்துக்குக் காவல் நிற்கிறது” என்றார். அதைவிட நல்ல விளக்கம் பிறகு எந்தப் புத்தகத்திலும் எனக்குக் கிடைக்கவில்லை.

ஐரிஷில் ஒவ்வொரு மெய்க்கும் இரண்டு ஒலி உண்டு, அகலமானது ஒன்று, மெலிந்தது ஒன்று. மெய்யின் அருகில் அ, ஒ, உ நின்றால் அகல ஒலி. எ, இ நின்றால் மெலிந்த ஒலி. ‘மெலிவோடு மெலிவு, அகலத்தோடு அகலம்’ என்று பள்ளிப் பிள்ளைகள் ஒப்பிப்பார்கள். மெய்யின் இரண்டு பக்கமும் ஒரே இன உயிர் நிற்க வேண்டும் என்பது எழுத்து விதி. இந்தப் பெயரில் ‘ஸ்’ மெலிந்தது, ஆகவே ‘ஷ்’ என்று ஒலிக்கும். வலப்பக்கம் ‘ஈ’ இருப்பதால் இடப்பக்கமும் ஒரு ‘இ’யை நிறுத்துகிறார்கள். அது வெறும் அடையாளம், வாய்க்குள் வராது. ‘ஷான்’ என்ற பெயரை எஸ்-க்குப் பின் ஒரு ‘எ’ போட்டு எழுதுவதும் இதனால்தான்.

கடல், அகல், பங்கு மூன்றிலும் ஒரே ககரத்தை மூன்று விதமாக ஒலிக்கிறவர்கள் நாம். இதற்கு அஞ்ச வேண்டியதில்லை.

சாய்கோட்டுக்கு ‘ஃபாதா’ என்று பெயர். ‘நீளமானது’ என்று அர்த்தம், நம் நெடில்தான். அதை விட்டுவிட்டால் பொருளே புரண்டுவிடும். ‘ஷான்’ பெயரில் கோட்டை விட்டால் மிஞ்சுவது ‘கிழட்டு, பழைய’ என்ற பெயரடை. இங்கே சில கணினிப் படிவங்கள் அந்தக் கோட்டை ஏற்காமல் தள்ளிவிடுவதால் பெற்றோர் கொதிக்கிறார்கள் என்றால், காரணம் வெறும் பெருமை அல்ல.

ஒற்றெழுத்து:

நல்ல விளக்கம், அம்மா. அப்படியானால் ‘ஒசீன்’ என்று எழுதிவிடலாமே? வடவெழுத்து எதற்கு? ஷகரம் இல்லாமல் ஆயிரம் ஆண்டு எழுதியிருக்கிறோம்.

காலவே மழை:

ஒசீன் என்றால் ஊசி, பாசி மாதிரி ‘ஸ்’ ஒலியில் வாசித்துவிடுவார்கள், ஐயா. அந்த ‘ஷ்’ போய்விட்டால் பெயரே போய்விடும். இங்கே யாரும் ‘ஸீன்’ என்று சொல்வதில்லை.

முதல் எழுத்தில்தான் குழப்பம். கைப்பேசியின் இரண்டு குரலும் பொய் சொல்லவில்லை. நான் இருக்கும் மேற்கிலும், வடக்கே அல்ஸ்டரிலும் முதல் அசையில் அழுத்தம் விழும், ‘ஒஷீன்’ என்று காதில் கேட்கும். தெற்கே மன்ஸ்டரில் நெடில் உள்ள இரண்டாம் அசைக்கு அழுத்தம் போய்விடும். முதல் உயிர் தேய்ந்து ‘உஷீன்’ ஆகும். ஆங்கிலம் மட்டும் பேசுகிறவர்கள் ‘ஓ’ என்று நீட்டுவதும் உண்டு.

பழையகணக்கு:

ஒலி முடிந்தது என்றால் வேருக்கு வருகிறேன்.

‘ஒஸ்’ என்றால் பழைய ஐரிஷில் மான், குறிப்பாகக் கலைமான். ‘ஈன்’ என்பது சிறுமை விகுதி. இரண்டும் சேர்ந்தால் சிறுமான். இதன் பழைய வடிவம் ‘ஒஷேனே’ என்பதுபோல் இருந்தது. தொடக்ககாலத் துறவிகள் சிலருக்கும் அந்தப் பெயர் உண்டு. ஆகவே இது கதைக்காகக் கட்டிய பெயர் அல்ல, ஆட்கள் தாங்கிய பெயர். இன்றைய ஐரிஷில் மானுக்கு ‘ஃபீஅ’ என்பார்கள். அந்தச் சொல்லின் மூலப்பொருள் ‘காட்டு விலங்கு’. நம் ‘விலங்கு’ ஏதோ ஓர் ஊரில் மானுக்கு மட்டும் ஆகிவந்ததுபோல வைத்துக்கொள்ளுங்கள்.

விலங்குப் பெயரோடு சிறுமை விகுதி சேர்த்து மகனுக்கு இடுவது அங்கே பரவலான வழக்கம். ‘ரோன்’ என்றால் கடல்நாய், ‘ரோனான்’ என்றால் சின்னக் கடல்நாய். ‘கொல்மான்’ என்றால் சிறுபுறா. அங்கே விகுதி ‘ஆன்’, இங்கே ‘ஈன்’.

ஒரு எச்சரிக்கை. ‘ஈன்’ என்று முடிகிற எல்லாவற்றையும் சிறுமை விகுதி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கெவின் என்று உலகம் அறிந்த பெயரின் ஐரிஷ் வடிவமும் இன்று ‘ஈன்’ என்றுதான் முடிகிறது. ஆனால் அது ‘கோய்வ்’ (இனிய, அழகிய), ‘கென்’ (பிறப்பு) என்ற இரண்டு சொற்களின் சேர்க்கை, நாளாவட்டத்தில் தேய்ந்து இந்த உருவத்துக்கு வந்தது. குழந்தைப் பெயர்ப் பட்டியல் போடும் இணையப் பக்கங்கள் பல இந்த இடத்தில் சறுக்கியிருக்கின்றன.

இன்னும் கீழே தோண்டினால் ஒரு வேடிக்கை. இந்த ‘ஒஸ்’ஸும் ஆங்கிலத்தில் எருதைக் குறிக்கும் ‘ஆக்ஸ்’ஸும் சமஸ்கிருத ‘உக்ஷன்’னும் ஒரே வேரின் கிளைகள். வேல்ஸ் மொழியில் இதன் உறவுச் சொல் இன்னும் எருதைத்தான் குறிக்கிறது. அயர்லாந்தில் மட்டும் அது காட்டுக்குள் ஓடி மானாகிவிட்டது.

கொக்கரக்கோ:

கடைசிப்பக்கம் அண்ணே, அப்படியானால் புத்தகத்துக்குத் தலைப்பு ‘கன்றுக்குட்டி’ என்று வைத்துவிடலாம். அட்டைப்படத்துக்கு என் சித்தப்பா வீட்டில் ஒன்று சும்மாதான் நிற்கிறது.

பழையகணக்கு:

தம்பி, வேரில் எருது இருந்தால் பூவில் எருது இருக்க வேண்டும் என்பதில்லை. ‘நாற்றம்’ என்ற சொல்லை நீங்கள் இன்று பூக்கடையில் சொல்லிப் பாருங்கள்.

மலைப்பாதை:

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெயரைக் கதையிலிருந்து பிரித்துப் பேசினால் ஒன்றும் விளங்காது.

ஃபின் மக்கூல் என்பவன் ஃபியனா என்ற வேட்டை வீரர் கூட்டத்தின் தலைவன். ஃபின் என்றாலே ‘வெண்ணிறத்தான்’. இளமையில் அவனுக்கு டெவ்னே என்று வேறு பெயர் இருந்தது. ஒருநாள் ஒரு பெண்மானைத் துரத்துகிறார்கள். மற்ற நாய்கள் பின்தங்கிவிட, ஃபின்னின் இரண்டு நாய்கள் மட்டும் பிடித்துவிடுகின்றன. பிடித்தவை கடிக்கவில்லை. மானைச் சுற்றிக் குதித்து அதன் முகத்தை நக்குகின்றன. காரணம் உண்டு: அவை மனிதப் பெண்ணின் பிள்ளைகள். ஃபின்னின் சித்தி நாயுருவில் இருந்தபோது ஈன்ற குட்டிகள். உருமாறியவளை உருமாறியவை அறிந்துகொண்டன.

அன்றிரவு மான் பெண்ணாகிறாள். பெயர் ‘சைவ்’. (ஆம், அப்படித்தான் ஒலிக்கும். எழுத்தைப் பார்த்தால் ‘சத்ஹ்ப்ஹ்’ என்று படிப்பீர்கள். ‘இனியவள்’ என்று பொருள்.) கறுப்பு மந்திரவாதி ஒருவனுக்கு இணங்காததால் மானாக்கப்பட்டவள். ஃபின்னின் கோட்டைக்குள் இருக்கும்வரை மந்திரம் தீண்டாது. அவன் போருக்குப் போன நேரம் பார்த்து, மந்திரவாதி ஃபின்னின் உருவத்தில், அவனுடைய நாய்களைப் போன்ற மாயத்தோற்றங்களோடு வாசலுக்கு வருகிறான். அவள் ஓடிப்போய் வரவேற்கிறாள். அவ்வளவுதான், மீண்டும் மான்.

ஏழு ஆண்டு தேடுகிறான் ஃபின். ஸ்லைகோ மாவட்டத்தில் பென் பல்பன் என்றொரு மலை, மேசையைப் போல் தட்டை உச்சி. அங்கே நாய்களின் குரைப்புக் கேட்டுப் போகிறார்கள். உடையில்லாமல், நீண்ட முடியோடு ஒரு சிறுவன் நிற்கிறான். அதே இரண்டு நாய்கள் மற்ற நாய்களை அவனருகில் விடாமல் காத்து நிற்கின்றன. ஒரு மான்தான் தன்னை வளர்த்தது என்கிறான் சிறுவன். ஃபின் அவனுக்கு இடுகிற பெயர்தான் இது. சில நாட்டார் வழக்குகளில் தாய் நக்கிய இடத்தில் நெற்றியில் மான்முடி முளைத்தது என்றும் வரும்.

வேங்கைமரம்:

படித்ததும் வள்ளி நினைவுக்கு வந்தாள். கந்தபுராணத்தில் மான் ஈன்ற குழந்தை, கிழங்கு அகழ்ந்த குழியில் கிடக்கிறது. வேட்டுவர் தலைவன் நம்பிராசன் கண்டெடுக்கிறான். அங்கே மானின் பிள்ளையை எடுத்தவனும் வேடன், இங்கேயும் வேடன். குழியின் பெயரே குழந்தைக்குப் பெயராகிறது. இரண்டுக்கும் ஏதாவது பழைய தொடர்பு இருக்குமா?

பழையகணக்கு:

தொடர்பு என்று சொல்ல ஒரு நூலிழைகூட இல்லை, நண்பரே. வேட்டையாடும் மலைமக்கள் எங்கே இருந்தாலும் மானைக் கொல்கிறவனுக்கும் மானுக்கும் நடுவில் ஒரு குழந்தையை வைத்துக் கதை சொல்லியிருப்பார்கள். ஒப்பிட்டு மகிழலாம், உறவு கொண்டாட வேண்டாம்.

மலைப்பாதை சொன்ன கதைக்கு ஒரு திருத்தமும் உண்டு. 1200-ஐ ஒட்டி எழுந்த ‘முதியோர் உரையாடல்’ என்ற பெருநூலில் இவனுடைய தாயின் பெயர் சைவ் அல்ல, பிளாய். நாம் இன்று கேட்கும் முழுக் கதை, மந்திரவாதி, கோட்டை, நாய்கள் எல்லாம் சேர்ந்த வடிவம், 19ஆம் நூற்றாண்டின் தொகுப்புகள் வழியாகப் பரவியது.

ஒற்றெழுத்து:

வள்ளி வேண்டாம் என்றால் சரி. ஆனால் ‘மான்குட்டி’ என்று எல்லோரும் எழுதுவதைப் பார்த்தால் கை பரபரக்கிறது. குட்டி பூனைக்கும் போடலாம், பெட்டிக்கும் போடலாம். தொல்காப்பியர் மரபியலில் இளமைப் பெயர்களை வகுத்து வைத்திருக்கிறார்: “யாடும் குதிரையும் நவ்வியும் உழையும் ஓடும் புல்வாய் உளப்பட மறியே.” நவ்வி, உழை, புல்வாய் மூன்றும் மானினம். அவற்றின் இளமைக்குப் பெயர் மறி. தேவாரத்தில் சிவன் கையில் இருப்பதும் மான்மறிதான். பெயரையே ‘மறியன்’ என்று தமிழாக்கிவிட்டால் ஷகரச் சண்டையும் தீர்ந்தது, அடிக்குறிப்பும் மிச்சம்.

கடைசிப்பக்கம்:

ஐயா, மறி என்ற சொல்லுக்குப் பெரிய கும்பிடு. கதைக்குள் அது நிச்சயம் வரும். ஆனால் ‘மறியன்’ என்றால் அவன் வால்பாறைக்காரன் ஆகிவிடுவான். பென் பல்பனில் நிற்கிறவனை நான் எப்படிக் கீழே இறக்குவேன்? பெயர் அயலாகவே இருக்கட்டும், பொருள் மட்டும் நம்முடையதாக இருக்கட்டும்.

இனி என் பதிப்பாசிரியர். ‘ஓசியான்’ தப்பா, சரியா?

பழையகணக்கு:

அது வேறு ஆள். ஊர் ஒன்று, குடும்பம் ஒன்று, ஆனால் ஆள் வேறு.

ஃபின் கதைகள் அயர்லாந்துக்கும் ஸ்காட்லாந்தின் மேட்டுநிலத்துக்கும் பொது. இரண்டு பக்கமும் ஒரே மொழிக்குடும்பம், நடுவில் குறுகலான கடல். 1760-இல் ஜேம்ஸ் மக்ஃபர்சன் என்ற ஸ்காட்லாந்து இளைஞர், மேட்டுநிலத்தில் திரட்டிய பழம்பாடல்களின் மொழிபெயர்ப்பு என்று சில உரைநடைத் துண்டுகளை வெளியிட்டார். அடுத்தடுத்து இரண்டு காவியங்களும் வந்தன. எல்லாம் 3ஆம் நூற்றாண்டுக் குருட்டுக் கவிஞன் ஒருவன் பாடியவை என்றார். அந்தக் கவிஞனுக்கு அவர் இட்ட பெயர்தான் ஓசியான். நம் ஒஷீனின் ஆங்கில வேடம். ஃபின் ‘ஃபிங்கல்’ ஆனான், ஸ்காட்லாந்து அரசனும் ஆனான். அயர்லாந்து அறிஞர்களுக்கு வந்த கோபத்தைச் சொல்ல வேண்டியதில்லை.

ஐரோப்பா மயங்கிக் கிடந்தது. நெப்போலியன் இதன் இத்தாலிய மொழிபெயர்ப்பை விரும்பிப் படித்தவர். ரோமில் அவருக்கென ஒதுக்கிய அரண்மனைப் படுக்கையறையின் கூரைக்கு ஓவியர் ஆங்ர் 1813-இல் வரைந்து கொடுத்ததே ஓசியானின் கனவைத்தான். லண்டனில் சாமுவேல் ஜான்சன் மட்டும் நம்பவில்லை. ‘இந்தக் காலத்து மனிதன் எவனாவது இப்படி எழுதிவிட முடியுமா’ என்று கேட்டவரிடம், ‘ஆண்கள் பலர், பெண்கள் பலர், குழந்தைகள் பலர் எழுதலாம்’ என்றார்.

உண்மை இடையில் இருக்கிறது. மக்ஃபர்சன் கையில், மேட்டுநிலத்து மொழியான கேலிக்கில் உண்மையான பாடல்கள் இருந்தன. அவற்றை வெட்டி, ஒட்டி, மிச்சத்தை இட்டு நிரப்பினார். ஆகவே மக்ஃபர்சனைப் பற்றி எழுதினால் ஓசியான். அயர்லாந்தின் கதையைச் சொன்னால் ஒஷீன். உங்கள் பதிப்பாசிரியர் கேட்பது, கண்ணகி கதைக்கு நாடகக் கம்பெனிக்காரர் வைத்த பெயரைச் சிலம்பில் போடச் சொல்வதுபோல.

மலைப்பாதை:

மக்ஃபர்சன் கதையில் மால்வினா என்றொரு பெண் வருகிறாள். மால்வினாஸ் (ஃபாக்லாந்து) தீவுகளுக்குக் கூட அவள் பெயர்தான் என்று படித்தேன்.

பழையகணக்கு:

இல்லை. அந்தத் தீவுகளின் ஸ்பானியப் பெயர், பிரான்ஸின் சேன்ட் மாலோ துறைமுகத்து மாலுமிகளால் வந்தது. ஒலி ஒத்துப்போனால் போதும் என்று யாரோ முடிச்சுப் போட்டிருக்கிறார்கள்.

உண்மையாகவே மக்ஃபர்சனால் உலகம் சுற்றிய பெயர் வேறொன்று இருக்கிறது: ஆஸ்கர். ஒஷீனின் மகன் பெயர் அது. ‘ஒஸ்’ஸோடு ‘கர’ (நண்பன், அன்பன்) சேர்ந்து ‘மான்நேயன்’ என்று ஒரு விளக்கம். அப்பன் மான்மறி, மகன் மான்நேயன், அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் வைக்கிங்குகள் வழி வந்த, ‘தெய்வம்’, ‘ஈட்டி’ என்ற இரு சொற்கள் சேர்ந்த வடக்கத்திப் பெயர் என்று சொல்கிறவர்களும் உண்டு. எனக்கு முதலாவதுதான் பிடிக்கும். பிடித்தது என்பதால் அது சரியாகிவிடாது.

நெப்போலியனின் தளபதி பெர்னதோத்துக்கு 1799-இல் மகன் பிறந்தபோது நெப்போலியன் ஞானத்தந்தை. இந்தப் பெயரைத் தேர்ந்தவரும் அவரே. பெர்னதோத் பிறகு ஸ்வீடன் அரசரானார், மகன் 1844-இல் முதலாம் ஆஸ்கராக அரியணை ஏறினார். ஸ்காண்டிநேவியாவில் இன்று தெருவுக்கு ஓர் ஆஸ்கர் இருப்பதற்கு இதுதான் வாசல். 1854-இல் டப்ளினில் பிறந்த ஆஸ்கர் வைல்டின் முழுப்பெயரில் ஃபிங்கலும் உண்டு. பாட்டன் பெயரும் பேரன் பெயரும் ஒரே பிள்ளைக்கு, நடுவில் ஒஷீனை மட்டும் விட்டுவிட்டார்கள்.

காலவே மழை:

இன்று நிலைமை தலைகீழ். ஒஷீன் என்ற பெயர் நெடுங்காலம் கதையில்தான் இருந்தது. மொழி மீட்பு இயக்கத்துக்குப் பிறகு மெல்ல வீட்டுக்குள் வந்தது. இப்போது பள்ளி வகுப்புகளில் ஒஷீன்களைச் சாதாரணமாகப் பார்க்கலாம். குதிரைப் பந்தயம் பார்க்கிறவர்கள் கில்லார்னிக்காரர் ஒஷீன் மர்ஃபியை அறிவார்கள். பிரிட்டனின் முதன்மை ஜாக்கிப் பட்டத்தை 2019, 2020, 2021 என்று அடுத்தடுத்து வென்றவர். குதிரையிலிருந்து விழக் கூடாது என்று எச்சரிக்கப்பட்ட கதைநாயகனின் பெயர் குதிரை ஓட்டிக்கு! அந்த வீட்டில் யாரும் சகுனம் பார்ப்பதில்லை போலிருக்கிறது.

கொக்கரக்கோ:

குதிரைக் கதை என்ன? அதைச் சொல்லாமல் போனால் எப்படி, அக்கா?

மலைப்பாதை:

நானே சொல்லிவிடுகிறேன். பொன்முடி கொண்ட நீவ் என்பவள் வெள்ளைக் குதிரையில் கடல்மேல் வந்து ஒஷீனை ‘தீர் ந நோக்’, அதாவது இளையோர் நாட்டுக்கு அழைத்துப் போகிறாள். அங்கே மூப்பில்லை. மூன்று ஆண்டு இருந்ததாக நினைக்கிறான், ஊர் ஏக்கம் வருகிறது. ‘போய் வா, மண்ணில் கால் படக் கூடாது’ என்று அதே குதிரையைக் கொடுக்கிறாள். வந்து பார்த்தால் முந்நூறு ஆண்டு ஓடிவிட்டது. ஃபின் இல்லை, ஃபியனா இல்லை. ஆட்கள் குள்ளமாகிவிட்டார்கள். டப்ளினுக்குத் தெற்கே கிளெனஸ்மோல் பள்ளத்தாக்கில் ஒரு கல்லைத் தூக்க முடியாமல் பலர் திணறுகிறார்கள். சேணத்தில் இருந்தபடியே குனிந்து ஒரு கையால் தூக்குகிறான், வார் அறுகிறது, மண்ணில் விழுகிறான். அந்த நொடியே முந்நூறு வயதும் மேலே ஏறிக்கொள்கிறது, குருடு, தள்ளாமை. இதைச் செய்யுளாக்கியவர் கிளேர் மாவட்டத்துக் கவிஞர் மிஹால் கோமீன், சுமார் 1750-இல்.

எனக்குப் பிடித்தது அதற்குப் பிறகு வருவதுதான். கிழவனை, அயர்லாந்தில் கிறித்தவம் பரப்பிய புனித பாட்ரிக்கிடம் கொண்டுவிடுகிறார்கள். பாட்ரிக் மோட்சத்தைப் பற்றிப் பேசுகிறார், இவன் சோற்றைப் பற்றிப் பேசுகிறான். தினம் ஒரு ரொட்டி, கொஞ்சம் வெண்ணெய், ஒரு துண்டு ஆட்டிறைச்சி கொடுக்கிறார்கள். “உங்கள் ரொட்டியைவிடப் பெரிய ஐவி இலையை நான் பார்த்திருக்கிறேன், உங்கள் வெண்ணெயைவிடப் பெரிய ரோவன் பழத்தைப் பார்த்திருக்கிறேன், உங்கள் ஆட்டுத்தொடையைவிடக் கரும்பறவையின் தொடை பெரிது” என்கிறான். சமையற்காரி பொய்யன் என்று திட்ட, இவன் ஒரு பையனைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போய் மூன்றையும் கொண்டுவந்து மேசைமேல் போடுகிறான். ஃபின் நரகத்தில் இருக்கிறான் என்று பாட்ரிக் சொல்லும்போது அவன் பதிலுக்குக் கத்துவதைப் படித்தால், இத்தனை நூற்றாண்டு கிறித்தவர்கள் கையால் படியெடுக்கப்பட்ட ஏட்டில் இவனுக்கே இவ்வளவு நல்ல வரிகளை எப்படி விட்டுவைத்தார்கள் என்று தோன்றும்.

கடைசிப்பக்கம்:

நீவ் அவனை அழைக்கும் இடத்தில் மூலத்தில் பெயருக்கு முன் ஒரு ‘அ’ தனியே நிற்கிறது. அது என்ன?

காலவே மழை:

விளி வேற்றுமை! நாம் கண்ணன் என்பதைக் ‘கண்ணா’ என்று கடைசியில் மாற்றுகிறோம். இவர்கள் முன்னால் ‘அ’ போட்டு, பெயரின் முதல் மெய்யை இளக்குவார்கள். ஷான் என்பவனைக் கூப்பிடும்போது ‘அ ஹியான்’. ஷேமஸ் என்பவனைக் கூப்பிட்டால் ‘அ ஹேமிஷ்’. ஸ்காட்லாந்தில் இப்படிக் கூப்பிட்டதைக் கேட்ட ஆங்கிலேயர், ஹேமிஷ் என்பதையே பெயராக எடுத்துக்கொண்டுவிட்டார்கள். உங்கள் நாயகன் பெயர் உயிரெழுத்தில் தொடங்குவதால் எதுவும் இளகாது. நீங்கள் ‘ஒஷீனே’ என்று போட்டால் முடிந்தது.

ஒற்றெழுத்து:

விளி வேற்றுமை என்று கேட்டதும் பகையெல்லாம் மறந்தேன். ஷகரத்துக்கு என் எதிர்ப்பை விலக்கிக்கொள்கிறேன், இந்த ஒரு நூலுக்கு மட்டும்.

பழையகணக்கு:

ஒலிப்படி எழுதுவதா எழுத்துப்படி எழுதுவதா என்ற இடர் உங்களுக்கு மட்டும் வந்ததல்ல. அயர்லாந்துக் கவிஞர் யேட்ஸ் 1889-இல் இவனைப் பற்றிய நெடுங்கவிதையை மூல எழுத்துகளோடுதான் வெளியிட்டார். பின்னால் வந்த சில பதிப்புகளில் ‘உஷீன்’ என்று ஒலிக்கும்படி எழுத்தை மாற்றினார். ஆங்கில வாசகனுக்கே அந்த உதவி தேவைப்பட்டது.

ஆன்ட்ரிம் மாவட்டத்தில் குஷன்டால் ஊருக்கு அருகில் ஒரு பெருங்கற்காலச் சமாதியை ‘ஓசியானின் கல்லறை’ என்று காட்டுகிறார்கள். அது கதைக்குப் பல ஆயிரம் ஆண்டு மூத்தது. பெயர் பின்னால் வந்து குடியேறியது. நமக்கு அந்த மாவட்டம் முற்றிலும் அயலும் அல்ல, கால்டுவெல் 1814-இல் பிறந்த கிளாடி அங்கேதான் இருக்கிறது.

கடைசிப்பக்கம்:

முடிவு செய்துவிட்டேன். பெயர் ‘ஒஷீன்’. பெயர் சூட்டும் இடத்தை இப்படி எழுதியிருக்கிறேன், பாருங்கள்:

“யாரோடு இருந்தாய்?” என்றான் ஃபின். “அம்மாவோடு.” “எப்படி இருப்பாள்?” சிறுவனுக்குச் சொல் வரவில்லை. இரண்டு கைகளையும் தரையில் ஊன்றி, கழுத்தை நீட்டி, காற்றை மோந்து காட்டினான். ஃபின் வெகுநேரம் பேசவில்லை. பிறகு அவன் நெற்றி மயிரை ஒதுக்கிவிட்டு, “ஒஷீன்” என்றான். அவர்கள் மொழியில் அதற்கு மான்மறி என்று பொருள்.

ஒற்றெழுத்து:

கடைசி வாக்கியம் அடிக்குறிப்பேதான். மேலே ஏறி உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். அதை எடுத்துவிட்டு, “ஒஷீன்” என்று ஒரு மான்மறியைக் கூப்பிடுவதுபோல் மெல்லக் கூப்பிட்டான் என்று முடித்துப் பாருங்கள்.

கடைசிப்பக்கம்:

ஐயா, எடுத்துக்கொண்டேன். முழுக் கதையையும் உங்களுக்குத் தனிச்செய்தியில் அனுப்பியிருக்கிறேன், மெய்ப்பு பார்த்துத் தாருங்கள்.

ஒற்றெழுத்து:

பார்த்துவிட்டேன். ஒன்பதாம் பக்கத்தில் ஓரிடத்தில் ‘ஆய்சின்’ இன்னும் அப்படியே இருக்கிறது. பதினான்காம் பக்கத்தில் குதிரை மேல் ‘உஷீன்’ போகிறான், இறங்கும்போது ‘ஓஷீன்’ ஆகிவிடுகிறான்.